நொயல் நித்திரையில் பேசிய சிங்களம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். எதைப் பேச என்று கேட்டேன். "அனுபவம்" என்றார்கள். ஓய்வுபெற்ற ஆளிடம் இப்படிக் கேட்பது கட்டிவைத்த மாட்டை அவிழ்த்துவிடுவது மாதிரி. வரம்பு பார்த்து நடக்க மாட்டோம். அதனால் முதலே சொல்லிவிடுகிறேன். சேவையின் நோக்கம், விழுமியம் எல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கின்றன. அவற்றை நான் தொடப் போவதில்லை. நான் சொல்லப் போவது மூன்று பெண்களைப் பற்றி, அவர்களுடைய புருசன்மாரின் நித்திரையைப் பற்றி.

சண்டைக் காலம். மட்டக்களப்பில் எங்கள் சங்கம் மிகச் சின்னது. காயப்பட்டவர்களுக்கு உதவ வேறு அமைப்புகள் இருந்தன. நாங்கள் எடுத்துக்கொண்டது அந்தக் காயப்பட்டவர்களை ஏற்றி இறக்குகிறவர்களை. அம்புலன்ஸ் சாரதிகள், அவர்களோடு கூடப் போய் நோயாளியைத் தூக்கும் அற்றென்டன்மார், ஆற்றைக் கடத்திவிடும் பாதைக்காரர்கள். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ரோட்டு அல்ல. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவியைக் கடக்கும் பெரிய மிதவை, கயிறு பிடித்து இழுத்துப் போவது. எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால் ஊர் ஒரு திசையில் ஓடும். இந்த மனிதர்கள் எதிர்த் திசையில் போவார்கள். திரும்பி வந்து உடுப்பைக் கழுவிக் காயப் போட்டுவிட்டுச் சோறு தின்பார்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அவர்களைக் கேட்க ஒருவரும் இல்லை. கேட்பதுதான் என் வேலை.

அப்போது எனக்கு உங்கள் வயது. கொழும்பில் உளவள ஆலோசனைப் பயிற்சி முடித்துச் சூடு ஆறாமல் வந்திருந்தேன். முதல் வேலையாக அந்த ஆண்களை ஒரு பாடசாலை மண்டபத்துக்கு அழைத்தேன். கதிரைகளை வட்டமாகப் போட்டேன். வட்டமாக உட்கார்ந்தால் மனம் திறக்கும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். அவர்கள் வந்தார்கள். வட்டத்தைப் பார்த்தார்கள். கதிரைகளைத் தூக்கி வரிசையாகப் போட்டுவிட்டு எல்லாரும் பின்வரிசையில் அமர்ந்தார்கள்.

"உங்கள் மனதில் இருப்பதைத் தயங்காமல் சொல்லலாம்" என்றேன்.

அம்புலன்ஸ் சாரதி நொயல் எழுந்தார். நொயல் நகரத்துப் பறங்கி, போர்த்துக்கேயப் பரம்பரை. தகப்பன், பாட்டன் எல்லாரும் தச்சர்கள். இவர் மட்டும் ஸ்டியரிங் பிடித்துவிட்டார்.

"டயர், மிஸ்" என்றார். "முன் டயர் ரெண்டும் மொட்டை."

அந்தக் கதவு திறந்ததும் மற்றவர்களும் மனம் திறந்தார்கள். பாதைக்காரர் தம்பிராசா, கயிறு இற்றுப்போய்க் கிடக்கிறது என்றார். நொயலோடு அம்புலன்சில் போகும் இளம் அற்றென்டன் யோகன், கையுறை வேண்டும் என்றான். பிறகு பிஸ்கட் முடிந்தது, கூட்டமும் முடிந்தது. போகும்போது நொயல் என் அருகில் வந்து, "நல்ல கூட்டம் மிஸ். அடுத்த முறை பிஸ்கட் வேணாம், பற்றிஸ் வையுங்க" என்றார்.

அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. இப்போது யோசித்தால் அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மொட்டை டயரோடு குண்டும் குழியுமான ரோட்டில் ஓடுகிறவரின் மனதில் டயர்தான் இருக்கும். கேட்டதை வாங்கிக் கொடுங்கள் பிள்ளைகளே. அதற்குப் பிறகுதான் ஆலோசனை. நாங்கள் டயர் வாங்கிக் கொடுத்தோம். அதற்குப் பிறகும் அவர்கள் ஆலோசனைக்கு வரவில்லை என்பது வேறு கதை.

ஆண்கள் சரிவரவில்லை என்று மனைவிமாரிடம் போனேன். நொயலின் மனைவி ரோஸ்லின் அக்காவின் வீட்டு முன்னறையில் ஒரு பின்னேரம் கூடினோம். ரோஸ்லின் அக்காவுக்கு நாக்கு நீளம். மனம் அதைவிட நீளம். தம்பிராசாவின் மனைவி பரமேஸ்வரி அக்கா வந்திருந்தார். யோகனின் மனைவி சுந்தரியும் வந்திருந்தாள். உன்னிச்சை ஊர்ப் பிள்ளை, கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை, வயிற்றில் பிள்ளை.

நான் மூச்சுப் பயிற்சியில் தொடங்கினேன். "கண்ணை மூடுங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள். உடம்பைத் தளர்த்துங்கள்." மூன்றாவது மூச்சிலேயே பரமேஸ்வரி அக்கா குறட்டை விட்டார். சுந்தரி அவரைத் தட்டி எழுப்பினாள்.

"கோவிக்காத புள்ள" என்றார் பரமேஸ்வரி அக்கா, வாயைத் துடைத்துக்கொண்டு. "ராவையில எங்கட மனிசன் நித்திரை கொள்ள விடுறாரில்ல கா."

ரோஸ்லின் அக்கா ஒரு கண்ணைத் திறந்தார். "இந்த வயசிலயா?"

"சீ, அது இல்ல. கயிறு இழுக்கிறார்."

நாங்கள் எல்லாரும் கண்ணைத் திறந்துவிட்டோம்.

"படுத்துக் கொஞ்ச நேரத்தில தொடங்கிருவார். போர்வையப் பிடிச்சு ரெண்டு கையாலயும் மாறி மாறி இழுக்கிறது. 'இன்னும் கொஞ்சம்தான் மனே, கரை வந்திட்டு, கண்ண மூடாத' எண்டு சொல்லிச் சொல்லி இழுக்கிறார். நான் பனியில கிடக்கிறன். விடிய எழும்பினா, நித்திரை நல்லமோ எண்டு என்னைக் கேக்கிறார்."

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அடங்கியதும் சுந்தரி தலையைக் குனிந்தபடி சொன்னாள். "இவர் நித்திரையில என்ட கையப் பிடிச்சு நாடி பாக்கிறார். மறுகா, பேரென்ன, எந்த ஊர் எண்டு கேக்கிறார். நான் முதல் மாசம் எழும்பிக் குந்தி ஒழுங்காப் பதில் சொன்னனான். மறக்கிறாராக்கும் எண்டு நினைச்சன்."

இந்த முறை பரமேஸ்வரி அக்கா சிரித்த சிரிப்பில் கதிரை பின்னால் சாய்ந்தது.

ரோஸ்லின் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எங்கட ஆள் சிங்களம் பறையிறார்" என்றார்.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், பாதை ஏறும் துறைக்குப் பக்கத்தில் ஆமியின் காவலரண் ஒன்று இருந்தது. அங்கே ஒரு சார்ஜன்ட். அம்புலன்ஸ் ஒவ்வொரு முறை போகும்போதும் வரும்போதும் அவரிடம் கெஞ்ச வேண்டும். நொயல் அந்தக் கெஞ்சலை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு இரவும் அதே வசனம், அதே ஒழுங்கில். ரோஸ்லின் அக்காவுக்கு அதன் அர்த்தம் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் செபமாலை மாதிரி மனப்பாடம்.

"சில நாளில அந்த மனிசன் விடுறானில்லப் போல. அண்டைக்கு இவர் அழுவார்" என்றார். "பாத்துக்கொண்டு கிடக்கேலாது. அதால நான் சார்ஜன்டாப் பேசத் தொடங்கினன். அவன்ட சொல்லையும் இவர்தான் சொல்றவர், கேட்டுப் பழகிட்டன். இவர் கேக்க, நான் குரலத் தடிப்பாக்கி, 'ஹரி, யன்ன' எண்டுவன். மறுகா மற்றப் பக்கம் கிறுகிப் படுத்து நித்திரையாயிருவார்."

ஹரி, யன்ன. சரி, போ.

பயிற்சியில் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. பகலில் டயரைத் தவிர வேறொன்றும் சொல்லாத மனிதர்கள் இரவில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனைவிமார் அதைக் கேட்டது மட்டுமல்ல, வைத்தியமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை அவர்களிடம் சொல்ல வேண்டும்" என்றேன் உற்சாகமாக. "மனம் விட்டுக் கதைக்க இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது."

மூவரும் என்னை ஒரே பார்வையாகப் பார்த்தார்கள்.

"சொன்னா என்ன நடக்கும் தெரியுமா தங்கச்சி?" என்றார் ரோஸ்லின் அக்கா. "வெக்கப்பட்டு விறாந்தையில போய்ப் படுப்பார். அங்க அவருக்கு ஆர் பதில் சொல்ற?"

மாதா படத்துக்கு முன்னால் நிற்க வைத்து, வெளியே சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். பரமேஸ்வரி அக்கா அது போதாது என்று பிள்ளையாரையும் சேர்த்துக்கொண்டார். சங்கத்துக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. "பங்குபற்றியோர் மகிழ்ச்சியுடன் கலந்துகொண்டனர்" என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய அறிக்கைகளில் அது ஒன்றுதான் முழு உண்மை.

மாதம் ஏறியதும் சுந்தரி உன்னிச்சையில் இருந்த தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு நாள் அவளைப் பார்த்து வர ரோஸ்லின் அக்கா, பரமேஸ்வரி அக்கா, நான் என்று மூவரும் புறப்பட்டோம். பாலத்து ரோட்டு மூடியிருந்த காலம். தம்பிராசா அண்ணனின் பாதையில்தான் ஆற்றைக் கடந்தோம். காவலரணில் ஒரு இளம் சிப்பாய் எங்கள் பைகளைக் கிளறிவிட்டுப் போகவிட்டான். சார்ஜன்டை அன்று காலையில் நாங்கள் காணவில்லை.

மத்தியானம் சுந்தரியின் தாய் வீட்டில் மீன் குழம்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சுந்தரி தண்ணீர் எடுக்க எழுந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளுக்கு முந்தியே பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. கூடவே இரத்தமும் போனது. ஊர் மருத்துவிச்சி வந்து பார்த்தார். கையைக் கழுவியபடி, "இது என்ட கையில இல்ல. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, கெதியா" என்றார்.

வட்டையில் உழுதுகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் உழவு மெசினைச் சேற்றோடு கொண்டு வந்தார். பின்னால் கொளுவியிருந்த பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் போட்டுச் சுந்தரியைக் கிடத்தினோம். பரமேஸ்வரி அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அந்த ரோட்டில் மெசினின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் சுந்தரி பல்லைக் கடித்தாள். முனகலே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

துறைக்கு வந்தால் மரத்தடியைக் குறுக்கே போட்டு மறித்திருந்தார்கள். நாங்கள் உன்னிச்சையில் இருந்த நேரத்தில் ரோட்டில் எங்கேயோ ஏதோ நடந்துவிட்டது, துறை மூடியாகிவிட்டது. பாதை அக்கரையில் கட்டிக் கிடந்தது. மரத்தடிக்கு அந்தப் பக்கம் சார்ஜன்ட் நின்றார். உயரமான மனிதர், சவரம் செய்யாத முகம், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

அந்த இடத்தைப் பற்றி நான் விளையாட்டாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தத் துறையில் இறக்கி வைக்கப்பட்டு, பிறகு வீட்டுக்கு வராத பிள்ளைகளும் உண்டு. பெட்டியிலிருந்து இறங்கினேன்.

அடையாள அட்டையைக் காட்டி, வகுப்பில் படித்த, இலக்கணம் பிசகாத சிங்களத்தில் நிலைமையை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அதே மாதிரி இலக்கணம் பிசகாமல் மறுத்தார். நான் இன்னொரு விதமாகக் கேட்டேன். அவருக்கு அலுத்துவிட்டது. சுருக்கமாகச் சொன்னார்.

"பே. ஓடர் நே."

முடியாது, உத்தரவில்லை என்று அர்த்தம். எனக்கு அது மறுப்பு. பெட்டியில் இருந்த ரோஸ்லின் அக்காவுக்கு அது வீட்டுக் குரல். எத்தனையோ இரவு நொயலின் வாயால் கேட்ட சொல், இப்போது உரியவரின் வாயிலிருந்தே வருகிறது. கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். என்னை ஒரு கையால் ஒதுக்கினார். தோளைத் தொங்கப் போட்டார், நொயல் நிற்கிற மாதிரியே. நொயலின் குரலிலேயே தொடங்கினார்.

"மாத்தயா, லெடெக் இன்னவா. பொட்டக் யன்ன தென்ன."

ஐயா, நோயாளி இருக்கிறார், கொஞ்சம் போக விடுங்கள். சார்ஜன்ட் நெற்றியைச் சுருக்கினார். "பே" என்றார் மறுபடியும். ரோஸ்லின் அக்கா அதை எதிர்பார்த்தே நின்றார். அடுத்த வரி தயாராக இருந்தது.

"மாத்தயாடத் அம்மா கெனெக் இன்னவனே."

ஐயாவுக்கும் ஒரு அம்மா இருக்கிறார்தானே. சார்ஜன்டின் முகத்தில் ஏதோ அசைந்தது. இந்த வரியை அவர் முன்பு எங்கேயோ கேட்டிருக்கிறார். அவ்வளவில் நின்றிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். ஆனால் ரோஸ்லின் அக்கா அதைச் செபமாலை மாதிரி பாடமாக்கியிருந்தார் என்று சொன்னேன் அல்லவா? செபமாலையை யாரும் பாதியில் நிறுத்துவதில்லை. நொயல் காவலரணைத் தாண்டி, கண்ணாடியை உயர்த்திய பிறகு தனக்குள் சொல்லிக்கொள்ளும் ஒரு வரியும் அதில் கடைசியாக இருந்தது. ரோஸ்லின் அக்காவுக்கு அது வேண்டுதலா வசவா என்று தெரியாது. எனக்குத் தெரியும். கவுனின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். நான் தைரியம் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் உரத்துச் சொன்னார்.

அந்த வரியை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அதில் சார்ஜன்ட் இருந்தார், ஒரு எருமையும் இருந்தது என்பது மட்டும் போதும்.

பின்னால் நின்ற இளம் சிப்பாய் சிரித்துவிட்டு, சிரிப்பை விழுங்கினான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. துவக்கின் வாரைத் தோளில் சரிசெய்தார்.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்கள் வகுப்பில் விவாதித்துப் பாருங்கள். எனக்கு விவாதிக்க நேரம் இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம், மன்னிப்புக் கேட்டால் அது வசவுதான் என்று ஒப்புக்கொள்வதாகும். விளங்காத மாதிரி நடிக்கலாம். அந்த மனிதர் முட்டாள் அல்ல. மிச்சம் இருந்தது உண்மை. உண்மைக்கு நான் மாதாவுக்கும் பிள்ளையாருக்கும் முன்னால் பூட்டுப் போட்டிருந்தேன். பெட்டியில் சுந்தரியைப் பார்த்தேன். பூட்டை உடைத்தேன்.

"இவர் அம்புலன்ஸ் நொயலின் மனைவி" என்றேன், சிங்களத்தில். "இவருக்குச் சிங்களம் தெரியாது. இது நொயல் நித்திரையில் பேசுவது. ஒவ்வொரு இரவும் உங்களிடம் வழி கேட்கிறார். நீங்கள் விடாவிட்டால் அழுகிறார். அதனால் இருட்டில் இவரே நீங்களாகிப் பதில் சொல்கிறார்."

சார்ஜன்ட் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். பிறகு ரோஸ்லின் அக்காவிடம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"நோனா, நான் என்ன சொல்றது? ராவைக்கு?"

ரோஸ்லின் அக்கா என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தடிப்பாக்கி, சார்ஜன்டாகவே சொன்னார். "ஹரி, யன்ன."

"ஹரி, யன்ன?" என்றார் சார்ஜன்ட்.

அவர் கேள்வியாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். "பொஹொம ஸ்தூதி, மாத்தயா" என்று கைகூப்பினேன். மெசின்காரரைப் பார்த்து, "விடுறாராம், எடுங்க" என்று கத்தினேன். அவர் கியரைப் போட்டார். இளம் சிப்பாய் தன் சார்ஜன்டின் வாயிலிருந்து 'யன்ன' என்ற சொல்லைத் தன் காதாலேயே கேட்டவன்; மரத்தடியைத் தூக்கிவிட்டான். சார்ஜன்ட் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு இடுப்பிலிருந்த வோக்கியை எடுத்து அக்கரைக்குப் பேசினார். பாதையை அனுப்பச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குச் சொல்லச் சொன்னார்.

அதிகாரம் உள்ளவர் வாயில் ஒரு 'சரி' வந்து விழுந்தால், அது எப்படி விழுந்தது என்று ஆராயாதீர்கள். நன்றி சொல்லி மூடிவிடுங்கள்.

தம்பிராசா அண்ணன் பாதையைக் கொண்டு வந்தார். ஏற்றியதும் பரமேஸ்வரி அக்கா எழுந்து போய்ப் புருசனுக்குப் பக்கத்தில் நின்று கயிற்றைப் பிடித்தார். இருவரும் ஒரே தாளத்தில் இழுத்தார்கள். தம்பிராசா அண்ணன் மனைவியின் கையைப் பார்த்தார். "நீ எப்ப பழகின இது?"

"உங்களப் பாத்துத்தான்" என்றார் பரமேஸ்வரி அக்கா. கயிற்றை விடாமல் இழுத்தார்.

அக்கரையில் அம்புலன்ஸ் நின்றது. யோகன் தூக்குப்படுக்கையோடு ஓடி வந்தான். நோயாளி யார் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பாயில் கிடந்தவளின் கையைப் பிடித்து நாடி பார்த்தான். முகத்தைப் பார்த்தான். கை அங்கேயே நின்றுவிட்டது. எத்தனையோ பேரைத் தூக்கிய அந்தப் பையனின் வாயில் பழக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"பேரென்ன?"

"சுந்தரி" என்றாள் அவள், மூச்சு வாங்க. "உங்கட பொஞ்சாதி. ஏத்துங்க கெதியா."

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். சத்திர சிகிச்சைக் கூடத்தின் வாசலில் யோகன் மயங்கி விழுந்து, நெற்றியில் தையல் போட வேண்டி வந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவன் எப்போதும் அதை விட்டுவிட்டுத்தான் கதை சொல்வான்.

அன்று நொயல் மனைவியிடம் கேட்டார், அந்த மனிதனை எப்படித் தாண்டி வந்தீர்கள் என்று. "உங்கட பேரச் சொன்னன்" என்றார் ரோஸ்லின் அக்கா. நொயல் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டார். ஒரு கிழமை நகரமெங்கும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

அதற்குப் பிறகு படுவான்கரைக்கு ஒரு ஓட்டம் வந்தது. காவலரணில் சார்ஜன்ட் குனிந்து கண்ணாடிக்குள் தலையை விட்டு, "நொயல், நித்திரையிலயும் நான் எருமையா?" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த நாள் காலையில் நொயல் என் மேசைக்கு முன்னால் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"மிஸ், நான் வேற என்ன சொல்றனான்?"

எனக்குத் தெரிந்ததில் பாதியைச் சொல்லியிருக்கலாம். அவர் என்னிடம் கேட்டார், நான் பயிற்சி பெற்றவள், அறையில் கதவும் இருந்தது. ஆனால் அது என்னுடைய பொருள் அல்ல. "எனக்குத் தெரியாது. தெரிந்த ஆள் உங்கள் வீட்டில் இருக்கிறார்" என்றேன். வந்த வழியே போய்விட்டார். அவர் போன பிறகு ரோஸ்லின் அக்கா வந்து என்னைக் கிழிக்கப் போகிறார் என்று மத்தியானம்வரை காத்திருந்தேன்.

வந்தார். கிழிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். நொயல் குசினி வாசலில் நின்றுகொண்டு கேட்டாராம். இவர் மீன் வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாராம், தான் சார்ஜன்டாகப் பேசுவதையும் சேர்த்து. நொயல் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாராம். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"நீ என்னை உடன விடுறனியா?"

"இல்ல. கொஞ்சம் இழுத்தடிப்பன். உடன விட்டா நம்ப மாட்டீங்களே" என்றாராம் இவர்.

நொயல் சிரித்தாராம். சிரித்துக்கொண்டே கிணற்றடிக்குப் போனவர், முகம் கழுவி முடித்து உள்ளே வர நிறைய நேரம் எடுத்ததாம். வந்து உட்கார்ந்து, முன்பு ஒரு நாள் விடாமல் மறித்தபோது அம்புலன்சுக்குள்ளேயே செத்துப்போன ஒரு வயலுக்காரரைப் பற்றிச் சொன்னாராம். பெயர், ஊர், அவர் கடைசியாகக் கேட்டது எல்லாம். மீன் காய்ந்துபோயிற்று என்றார் ரோஸ்லின் அக்கா.

நகரத்தில் செய்தி நடப்பதில்லை, பறக்கும். ஒரு மாதத்துக்குள் மற்ற ஆண்கள் ஒவ்வொருவராக என் அறைக்கு வந்தார்கள். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியக் கூடாது என்று பின்வாசலால் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: நான் என்ன சொல்கிறேனாம்? எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன். வீட்டில் கேளுங்கள். நான் செய்த ஆலோசனை அவ்வளவுதான். அதற்காகச் சங்கம் எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் தந்தது. பத்திரத்தில் "நவீன அணுகுமுறை" என்று எழுதியிருந்தது.

இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

சில மாதம் கழித்து, சுந்தரியின் பிள்ளையைப் பார்க்க உன்னிச்சைக்குப் போனேன். காவலரணில் அன்று சார்ஜன்டே என் பையை வாங்கினார். உள்ளே ஒரு துவாய், பிள்ளைக்கு ஒரு சட்டை, கொஞ்சம் பேரீச்சம்பழம். பார்க்க ஒரு நொடி போதும். அவர் துவாயை எடுத்து விரித்தார். மடித்தார். மறுபடியும் விரித்தார்.

"மிஸ்" என்றார், பையைப் பார்த்துக்கொண்டே. "நான் நித்திரையில் என்ன சொல்றது? யார்ட கேக்கிறது? இங்க எல்லாம் பொடியன்மார். நான் கேட்டா அவங்க பயம்."

"லீவில் போகும்போது உங்கள் மனைவியிடம் கேளுங்கள்."

"அவ வேற அறையில் படுக்கிறா." சட்டையை எடுத்து, அதன் சின்னக் கையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். "போன லீவிலிருந்து."

அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் துறையிலிருந்து வீட்டுக்கு வராத பிள்ளைகளின் தாய்மாரையும் எனக்குத் தெரியும். அவர்களுடைய வீடுகளிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் எனக்கு முன்னால் நின்றார்.

"அப்படியானால் அந்த அறை வாசலில் நின்று கேளுங்கள்" என்றேன். "உள்ளே போக வேண்டாம். கேட்டுவிட்டு, அவர் சொல்லும்வரை நில்லுங்கள்."

அவர் பேரீச்சம்பழப் பொட்டலத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். மனைவியின் பெயரைச் சொன்னார். அவர் ஒரு ஆசிரியை என்றார். கடைசியாக எப்போது சண்டை பிடித்தார்கள் என்று சொன்னார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. மரக்கறிக் கூடையோடு நின்ற ஒரு அம்மா, "அந்தப் புள்ளட பையில அப்பிடி என்னத்தக் கண்டுபிடிச்சானோ" என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார்.

வெயில் ஏறியது. பையை மூடச் சொல்லி நான் அவரிடம் கேட்கவில்லை.